கும்மிப் போட்டிக்கு நான் எழுதிய ஏழு விதிகள்

"உங்களுக்குத்தான் இந்த ஊர்ல யாரும் கிடையாதே டீச்சர். அதான் உங்களக் கேக்கோம்" என்றார் வக்கீல் வீட்டம்மா.

சங்கரன்கோவில் மாதர் சங்கத்துக்கு அவர்தான் தலைவி. என்னைப் புகழ்வதாக நினைத்துத்தான் அப்படிச் சொன்னார். கையில் காப்பி டம்ளரை வேறு கொடுத்திருந்தார். அதைக் கீழே வைக்கவும் முடியாமல் குடிக்கவும் முடியாமல், "சரிங்கம்மா, செய்யுதேன்" என்றேன். அவர் சொன்னது உண்மையில்லை என்று அந்த இடத்திலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு ஒரு வீடு இருந்தது. ஆனால் பெரிய மனுஷி ஒருத்தி நம்மை நம்பி ஒரு காரியத்தைக் கொடுக்கும்போது, அதற்கு நாம் தகுதியில்லை என்று சொல்ல வாய் வருவதில்லை.

காரியம் இதுதான். சுதந்திரம் வந்த பிறகு ஊரில் எதற்கெடுத்தாலும் போட்டி வைக்கிற பழக்கம் வந்திருந்தது. கோலப் போட்டி, பேச்சுப் போட்டி, நூல் நூற்கிற போட்டி. மாதர் சங்கம் தைப்பொங்கல் கழிந்ததும், தெருவுக்கு ஒரு குழுவாகப் பெண்களைச் சேர்த்துக் கும்மிப் போட்டி வைத்தது. முதல் வருஷம் நடுவர்களாக உட்கார்ந்தவர்கள் தெருவுக்கு ஒருவராக ஆறு பெரிய வீட்டுப் பெண்கள். ஆளாளுக்குத் தன் தெருவுக்கே முதல் பரிசு என்றார்கள். முதல் பரிசு ஆறு, பித்தளைக் குடம் ஒன்று. இரண்டு தெருக்காரர்கள் குடத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்ததில் அதன் இடுப்பு நசுங்கிப்போயிற்று. நசுங்கின குடம் ஒரு வருஷமாக வக்கீல் வீட்டு அலமாரியின் மேல் இருந்தது. இந்த வருஷமும் அதுதான் பரிசு என்று தலைவி சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"வம்பு இல்லாம நடக்கணும் டீச்சர். நடுவர் யாரு, மார்க்கு எப்படி, எல்லாம் உங்க பொறுப்பு. ஒரு குத்தம் குறை யாரும் சொல்லக்கூடாது பாத்துக்கிடுங்க."

நான் தெற்கே தேரிக்காட்டுப் பக்கம் பிறந்தவள். அப்பா கிராமத்துக் கிறிஸ்தவக் கோயிலில் உபதேசியார். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு, கொழும்பில் கடையில் இருந்த அண்ணன் ஒருவன்தான் மிச்சம். அவன் கிறிஸ்மசுக்கு ஒரு கடிதம் எழுதுவான். பெண்கள் பள்ளியில் கணக்கு வாத்தியாரம்மாவாக வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. தெருவில் நடந்தால் எல்லாரும் மரியாதையாக ஒதுங்கி நிற்பார்கள். யாரும் உள்ளே வந்து உட்காரச் சொல்ல மாட்டார்கள். மரியாதை என்பது பசி ஆற்றாது என்று அந்த முதல் வருஷத்தில் நன்றாகத் தெரிந்துகொண்டேன். சாயங்காலம் பள்ளிக்கூட மணி அடித்த பிறகு, மறுநாள் காலை மணி அடிக்கும் வரைக்கும் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் கழித்த நாட்கள் உண்டு.

இரண்டாம் வருஷம் நெசவாளர் தெருவில் ஒரு வீட்டின் முன்னறைக்குக் குடிவந்தேன். அங்கேதான் என் நிலைமை மாறியது. வீட்டுக்காரர் தறிக்குழியில் இறங்கினால் சாப்பாட்டுக்குத்தான் ஏறுவார். நான் அவரை அண்ணாச்சி என்பேன், அவர் தலையை ஆட்டுவார், எங்கள் பேச்சு அவ்வளவுதான். அவர் மனைவியை அக்கா என்று கூப்பிட்டேன். அக்கா முதல் மாதத்திலேயே டீச்சரை விட்டுவிட்டு என்னைத் தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்தார். அவர்களுக்கு ஒரே மகள், பதினாறு வயது. அம்மா தங்கச்சி என்றால் மகளுக்கு நான் சித்திதானே. அப்படித்தான் கூப்பிட்டாள். சாயங்காலம் ஆனால் அம்மாவும் மகளும் ஆளுக்கொரு ராட்டையில், தறிக்கு வேண்டிய நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருப்பார்கள். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பிள்ளைகளின் கணக்கு நோட்டைத் திருத்துவேன். அக்கா ஊர்வம்பு பேசுவார். சாப்பாட்டு நேரம் வந்தால் எனக்கும் ஒரு தட்டு விழும். நான் கேட்டதும் இல்லை, அவர் கூப்பிட்டதும் இல்லை. தட்டு விழும்.

அந்த மகள்தான் நெசவாளர் தெருக் கும்மிக்குத் தலைவி. வருகிற மாசியில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, மாப்பிள்ளை புளியங்குடி. சொந்தத் தெருவுக்காக அவள் கும்மியடிக்கப்போவது அதுதான் கடைசித் தடவை. வக்கீல் வீட்டிலிருந்து திரும்பி வரும் வழியில்தான் இது எனக்கு உறைத்தது.

உடனே போய், நான் இருக்கும் வீட்டுப் பிள்ளை ஆடுகிறாள், என்னை விட்டுவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்குப் பதிலாக உட்கார்ந்து விதி எழுதினேன். கணக்கு வாத்தியாரம்மாவுக்கு விதி எழுதுவதில் ஒரு சந்தோஷம் உண்டு. எல்லாவற்றையும் விதியால் கட்டிப் போட்டுவிடலாம் என்று நம்பினேன்.

நடுவர்கள் மூன்று பேரும் வெளியூர்க்காரர்கள் என்றது முதல் விதி. பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தையல் டீச்சர், கோவில்பட்டியிலிருந்து ஒரு நர்ஸ், வாசுதேவநல்லூரிலிருந்து நடவுப் பாட்டுக்குப் பேர்போன ஒரு சம்சாரி வீட்டுப் பெண். சங்கரன்கோவிலில் யாரும் இவர்களுக்குச் சொந்தமில்லை என்று இரண்டு வாரம் விசாரித்து உறுதிப்படுத்திக்கொண்டேன். குழுக்களுக்குத் தெருப் பெயர் கிடையாது, சீட்டுக் குலுக்கி எண் கொடுக்கப்படும் என்பது இரண்டாவது. வாசுதேவநல்லூர்க்காரிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் மார்க்குத் தாள் வேண்டாம், நடுவர் ஒருவருக்கு ஒரு குழுவுக்குப் பத்துப் புளியமுத்து, கொடுக்க நினைப்பதைத் தேங்காய்ச் சிரட்டைக்குள் போட்டுக் கவிழ்த்துவிட வேண்டும் என்று இன்னொரு விதி செய்தேன். அதில் எனக்கு ரொம்பப் பெருமை. கடைசி, ஏழாவது விதி: சமமாக வந்தால் பொறுப்பாளர் சொல்வதே முடிவு. ஏழு என்றால் எண்ணிக்கை நன்றாக இருக்குமே என்று சும்மா சேர்த்தது அது.

மூன்றாவது விதியைத்தான் சொல்ல வேண்டும். கும்மியடிக்கிறவர்கள் முதலில் காப்புப் பாட்டு பாடுவார்கள். பிள்ளையாரைக் கும்பிட்டு, பிறகு தங்கள் தெரு அம்மனைப் பெயர் சொல்லி அழைத்து, ஆட்டத்துக்குக் காவலாக நிற்கச் சொல்வார்கள். அம்மன் பெயரைச் சொன்னால் எந்தத் தெரு என்று தெரிந்துவிடும், நான் எண் கொடுத்தது வீணாகிவிடும். எனவே, காப்புப் பாட்டு பாடக்கூடாது. இப்போது யோசித்தால், பாளையங்கோட்டைத் தையல் டீச்சருக்கு எது எந்தத் தெரு என்று தெரிந்தால்தான் என்ன வந்தது? முதல் விதி இருக்கும்போது மூன்றாவது விதி தேவையே இல்லை. நான் வேதக்காரி, அதனால்தான் சாமி பாட்டை நிறுத்தினேன் என்று ஊரில் சிலர் பேசியது காதில் விழுந்தது. அது காரணமில்லை. ஆனால் வேதக்காரி என்பதால் காப்பு என்பது என்ன என்று எனக்குத் தெரியாமல் போனது உண்மை.

விதிகளைத் தெருத் தெருவாகச் சொல்லி அனுப்பிய அன்று சாயங்காலமே அக்கா கேட்டார். ராட்டையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"தங்கச்சி, காப்பு இல்லாம எப்படி கும்மியடிக்க? அம்மனக் கூப்பிடாம பிள்ளைக கைய எடுக்க மாட்டாளுவ."

"எல்லாத் தெருவுக்கும் அதே விதிதான் அக்கா. உங்களுக்கு மட்டும் எப்படி மாத்த முடியும்?"

"எங்களுக்கு மட்டுமா மாத்தச் சொன்னேன்? எல்லாருக்கும் மாத்துன்னுல்லா சொல்லுதேன்."

பதில் சொல்லத் தெரியாதபோது எனக்குக் கோபம் வரும். அது பிறவிக் குணம். எழுந்துவிட்டேன்.

"அக்கா, போட்டி முடியுத வரைக்கும் நான் இங்கன வந்து உட்காரல. நாலு பேரு நாலு விதமாப் பேசுவாக. முடிஞ்சதும் வாரேன்."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஒரு மாசம்லா இருக்கு" என்றார். ராட்டையை மறுபடி சுற்ற ஆரம்பித்தார்.

அந்த ஒரு மாதமும் நான் என் முன்னறையிலேயே கிடந்தேன். நடுவில் ஒரு சுவர்தான். தறியின் சத்தம் கேட்கும், இரண்டு ராட்டைகளின் சத்தம் கேட்கும், அக்கா ஏதோ சொல்ல மகள் சிரிப்பது கேட்கும். சாயங்காலம் பின்கட்டில் பன்னிரண்டு பெண்கள் கூடிக் கை தட்டிப் பழகுவார்கள். கேட்கக்கூடாது என்று ஜன்னலைச் சாத்திக்கொள்வேன். சாத்தினாலும் கேட்கும். மூன்றாம் நாள் அக்கா என் அறை வாசலில் ஒரு தட்டை மூடி வைத்துவிட்டுப் போனார். திறக்காமலே வாசனையில் தெரிந்தது, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. அப்படியே எடுத்துக்கொண்டுபோய் அவர்கள் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். எனக்குத்தான் எவ்வளவு நேர்மை என்று நினைத்துக்கொண்டே வெறும் அவலை நனைத்துத் தின்றேன். புளியமுத்து வேண்டும் என்று தெரிந்து ஒரு சருவம் நிறைய எடுத்து வைத்திருந்தார் அக்கா. அதையும் வேண்டாம் என்று சொல்லி, வக்கீல் வீட்டிலிருந்து வாங்கிக்கொண்டேன். ஒருநாள் தெருமுனையில் மகள் எதிரே வந்தாள். "சித்தி" என்றாள். கேட்காதது போலக் கடந்துவிட்டேன். பிறகு தலையணையில் முகத்தை வைத்து அழுதேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. நானே எழுதிக்கொண்ட எட்டாவது விதி அது.

போட்டி நடந்தது பொங்கல் கழிந்த சனிக்கிழமை, பள்ளிக்கூட மைதானத்தில், பிற்பகலில். நல்ல கூட்டம். மூன்று நடுவர்களும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வாசுதேவநல்லூர்க்காரி மட்டும் பெஞ்சு பழக்கமில்லை என்று தரையில் இறங்கி உட்கார்ந்துகொண்டாள். தெருப் பெயரை யாரும் கத்தக்கூடாது என்று வக்கீல் வீட்டம்மா அறிவித்தார். கூட்டம் தெருப் பெயரைக் கத்தவில்லை, பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கத்தியது.

முதல் குழு வந்து வட்டமாக நின்றது. நான் விசில் ஊதினேன். யாரும் தொடங்கவில்லை. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தாள். பிறகு ஒருத்தி கை தட்ட, இன்னொருத்தி பிந்தித் தட்ட, பாட்டு ஒரு பக்கமும் கை ஒரு பக்கமும் போயிற்று. இரண்டாம் குழுவும் அப்படியே. தரையில் உட்கார்ந்திருந்த வாசுதேவநல்லூர்க்காரி என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்:

"ஏன், காப்பு கட்டலியா இவளுவ?"

"காப்புப் பாட்டு கூடாதுன்னு விதி."

"அப்பம் கை எப்படிச் சேரும்?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. காப்பு சாமி கும்பிடுவது மட்டுமில்லை. மெதுவாக, இடைவெளி விட்டு விட்டு அந்தப் பாட்டுக்குத் தட்டித் தட்டித்தான் பன்னிரண்டு ஜோடிக் கைகள் ஒன்றாகின்றன. அதற்குப் பிறகுதான் ஆட்டம் வேகமெடுக்கும். நான் சாமியை நிறுத்துவதாக நினைத்துத் தாளத்தை நிறுத்தியிருந்தேன். இப்படி ஒரு தப்பைக் கணக்கு வாத்தியாரம்மாதான் செய்ய முடியும்.

மூன்றாவது வந்தது நெசவாளர் தெரு. மகள் நடுவில் நின்று கையை உயர்த்தினாள். விசில் ஊதினேன். அவள் வாயைத் திறக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக ஒரு தட்டு. இடைவெளி. இரண்டு தட்டு. இடைவெளி. பன்னிரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு, காப்புப் பாட்டின் தாளத்தைக் கையால் மட்டும் தட்டினார்கள். ஒரு சொல் இல்லை, ஒரு சாமி பெயர் இல்லை. பிறகு பாட்டு எழுந்தது. அவர்கள் குனிந்ததும் நிமிர்ந்ததும் தட்டியதும் ஒரே ஆள் செய்தது போல இருந்தது. நான் எதற்காக இந்த ஊரில் இருக்கிறேன் என்று அந்தக் கொஞ்ச நேரம் எனக்குக் கவலையே இல்லை. வாசுதேவநல்லூர்க்காரி பத்து முத்தையும் சிரட்டைக்குள் போட்டுக் கவிழ்த்தாள்.

தேரடித் தெரு ஐந்தாவதாக வந்தது. அவர்களும் நன்றாகத்தான் ஆடினார்கள், எடுப்பான பாட்டு, எல்லாருக்கும் பட்டுப்பாவாடை. கடைசியில் முத்துக்களை நானே எண்ணினேன். நெசவாளர் தெருவுக்கு இருபத்தாறு. தேரடித் தெருவுக்கும் இருபத்தாறு. மறுபடி எண்ணினேன். அதே இருபத்தாறு.

வக்கீல் வீட்டம்மா விதித் தாளைப் பார்த்துவிட்டு, "ஏழாவது விதி" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "மூணாவதா ஆடுனவளுவ காப்பு கட்டிட்டுல்லா ஆடுனாளுவ! விதிய மீறியாச்சு!"

இன்னொரு குரல், "வாயத் திறக்கலியேவே!" என்றது.

"வாயால பாடினா என்ன, கையால தட்டினா என்ன?"

என் விதியில் இருந்தது என்ன என்று எனக்குத் தெரியும். என் கையெழுத்து. 'காப்புப் பாட்டு பாடக்கூடாது.' அவர்கள் பாடவில்லை. ஒரு பிள்ளை என் முட்டாள்தனமான விதியையும் மீறாமல், கும்மியையும் கெடுக்காமல், நடுவில் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். வகுப்பில் இப்படி ஒரு பிள்ளை கணக்குப் போட்டிருந்தால் தூக்கி வைத்துக் கொண்டாடியிருப்பேன்.

கூட்டத்தில் அக்காவைத் தேடினேன். மைதானத்து ஓரத்தில் வேப்பமரத்தடியில் நின்றார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். முகத்தைப் பார்த்தால் எனக்குச் சங்கடமாக இருக்குமே என்றுதான் திரும்பி நின்றார். அது எனக்கு அப்போதே தெரியும்.

"காப்பு காப்புதான்" என்றேன். "வாயால பாடினாலும் கையால தட்டினாலும். பரிசு தேரடித் தெருவுக்கு."

ஒரே கைதட்டல். வக்கீல் வீட்டம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "தான் குடியிருக்க வீட்டுப் பிள்ளைன்னுகூட பாக்கலியே டீச்சர்! இதுல்லா நியாயம்!" நசுங்கின குடத்துக்கு மாலை போட்டு ஊர்வலமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு சண்டை இல்லை. கடைவீதியில் நாலு பேர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அந்தப் புகழ் எனக்கு இனித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். என் அறைக்கதவைத் திறக்கும் வரைக்கும் இனித்தது.

அந்தப் பிள்ளை வேறு வீட்டுப் பிள்ளையாக இருந்திருந்தால் குடத்தை அவளுக்குத்தான் கொடுத்திருப்பேன். எனக்கு வேண்டியவள் என்பதற்காக அவளுக்கு நியாயம் செய்ய மறுத்தேன். எனக்கு வேண்டியவள் என்பதற்காகக் குடத்தைத் தூக்கிக் கொடுத்திருந்தாலும் இதைவிட மோசமில்லை.

கதவைத் திறந்து உள்ளே போகும்போது மகள் வந்து நின்றாள். தலையில் வைத்த கனகாம்பரம் இன்னும் வாடவில்லை. அழுத முகமில்லை, கோபமும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"சித்தி, நாங்க செஞ்சது தப்பா?"

கூட்டம் இல்லை, நடுவர் இல்லை, அவளும் நானும்தான். இல்லை மக்கா, தப்பு என்னுடையது என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் நாளைக்குத் தெரு முழுவதும் தெரியும், நாளன்றைக்கு ஊர் முழுவதும் தெரியும், நியாயமான டீச்சர் என்ற பெயர் ஒரு நாள்கூட நிலைக்காது என்று தோன்றிவிட்டது.

"விதின்னா விதிதானே" என்றேன்.

"சரி டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் சாயங்காலம், போட்டிதான் முடிந்துவிட்டதே என்று கணக்கு நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். அக்கா சட்டென்று எழுந்தார். மகளிடம் பாயை எடுத்து விரிக்கச் சொன்னார். அந்த வீட்டில் எனக்கு அதுவரை யாரும் பாய் விரித்ததில்லை. "உக்காருங்க டீச்சர்" என்றார். எவர்சில்வர் டம்ளரில் காப்பி வந்தது. என் தரப்பைச் சொல்ல ஆரம்பித்தேன். "எதுக்கு டீச்சர் அதெல்லாம். நீங்க நியாயமாத்தான் செஞ்சீக" என்றார். குத்திக்காட்டவில்லை. மனதாரத்தான் சொன்னார். அவர் குத்திக்காட்டியிருந்தால் நான் உடைந்து உண்மையைச் சொல்லியிருப்பேன். காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தேன். சாப்பாட்டு நேரம்தான். தட்டு விழவில்லை.

மாசியில் கல்யாணம் நடந்தது. முன்வரிசையில் எனக்கு நாற்காலி போட்டார்கள். தேரடித் தெருக்காரர்கள்கூட என்னைக் காட்டி ஏதோ மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள். பெண்ணை மாட்டுவண்டியில் ஏற்றும்போது சொந்தக்காரப் பெண்கள் எல்லாரும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் நாற்காலியில் இருந்து எழுந்து நின்றேன். அவள் கும்பிட்டாள், நானும் கும்பிட்டேன். அதற்குப் பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் தறியோடு ஒரு ராட்டையின் சத்தம்தான் கேட்டது.

அடுத்த மார்கழியில் வக்கீல் வீட்டம்மா ஆள் அனுப்பினார். போனேன். காப்பி கொடுத்தார். போன வருஷம் மாதிரி நியாயமாக ஒரு போட்டி ஊரில் நடந்ததே இல்லை, இந்தத் தடவையும் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். மூன்றாவது விதியை எடுத்துவிட்டால் செய்கிறேன் என்றேன். "உங்க இஷ்டம் டீச்சர், எதை எடுப்பீகளோ எதைச் சேப்பீகளோ" என்று சிரித்துவிட்டு, அதே வார்த்தையை மறுபடி சொன்னார்.

"உங்களுக்குத்தான் இந்த ஊர்ல யாரும் கிடையாதே. அதான் உங்களக் கேக்கோம்."

"ஆமாங்கம்மா" என்றேன். இந்தத் தடவை அவர் சொன்னது சரியாக இருந்தது.